கொதிக்காத பொயிலர்

பெயரே பிழை. லண்டனில் வீட்டைச் சூடாக்குகிற இந்தப் பொயிலருக்குள் தண்ணீர் கொதிப்பதே இல்லை. கொதித்தால் ஏதோ பழுது என்று அர்த்தம்.

சும்மா சொல்லவில்லை. சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் 26 வருஷம் பொயிலர் பார்த்தவன் நான். புழுங்கலுக்கு நெல் அவிக்கிற நீராவிப் பொயிலர். உமிதான் எரிபொருள். நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதனால் மில்லில் விறகுக்கு அலைய வேண்டியதில்லை, குத்தியதே எரிக்கக் கிடைக்கும். அழுத்தக் கடிகாரத்தில் முள் இறங்கினால் உமியைக் கூட்டு, ஏறினால் குறை. இவ்வளவுதான் என் தொழில். அநேகமாக இறங்கத்தான் செய்யும், ஆகவே அநேகமாகக் கூட்டத்தான் செய்தேன். இந்தப் பழக்கம் லண்டனில் என்னை எப்படிக் கவிழ்த்தது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்த்திகைக் கடைசியில் இருந்து மாசி நடுப்பகுதி வரை லண்டன் ஹரோவில் மகள் வீட்டில் இருந்தேன். போய் இறங்கிய அன்றே குசினி அலுமாரி ஒன்றைத் திறந்து, "அப்பா, உங்கட ஆள் இவர்தான்" என்று காட்டினாள். உள்ளே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு மூட்டை அரிசியை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். காரைதீவில் இருந்து இவ்வளவு தூரம் வந்தது இதைப் பார்க்கவா என்று நினைத்தேன். கம்பனியின் பெயரை எழுதவில்லை. வீட்டுச் சூட்டையும் குளிக்கிற சுடுதண்ணியையும் ஒரே பெட்டியில் தருகிறதுதான் காம்பி பொயிலர். கடையில் விற்கிறதில் எதைத் திறந்தாலும் உள்ளே ஏறத்தாழ ஒரே சாமான்தான் இருக்கும் என்று சேர்விஸ் செய்ய வந்தவரே சொன்னார். பிள்ளைகளிடம் மாரிக் குளிரில் போகப்போகிற நம் ஊர் ஆட்களுக்கு இது உதவட்டும். கம்பளிச் சட்டை, தொப்பி, மேஸ் என்று எல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். மூன்று மாதம் கூடவே இருக்கப்போகிற இந்த இயந்திரத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வேலை இப்படி. பெட்டிக்குள் காஸ் எரிகிறது. அந்தச் சூடு ஒரு உலோகக் கூட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குப் போகிறது. சின்ன மோட்டர் ஒன்று அந்தத் தண்ணீரை வீடு முழுக்கத் தள்ளுகிறது. அது ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குள் போய், சூட்டை விட்டுவிட்டு, ஆறித் திரும்பி வருகிறது. மறுபடி சூடாகிப் போகிறது. அதே தண்ணீர்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது, புதிதாகச் சேர்வதில்லை. எங்கள் மில்லில் நீராவி நெல்லுக்குள் போய்த் தொலைந்துவிடும். போனதற்கு ஈடாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குழாய்களில் படியும் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அந்த மூன்று பாடும் இல்லை. முதல் நாளே ஒரு மதிப்பு வந்துவிட்டது.

எரிவதற்கு வேண்டிய காற்றைக்கூட இது வீட்டுக்குள் இருந்து எடுப்பதில்லை. சுவரைத் துளைத்துப் போகும் குழாய் உண்மையில் குழாய்க்குள் குழாய். உள்குழாயால் புகை வெளியே போகிறது, அதைச் சுற்றியுள்ள வெளிக்குழாயால் காற்று உள்ளே வருகிறது. இருந்தாலும் மணமில்லாத நச்சான காபனோரொட்சைட்டுக்கு ஒரு சின்ன அலாரம் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வீட்டில் அந்த அலாரம் இல்லை என்றால் போன உடனே வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.

சரி, ரேடியேட்டருக்கு வருகிறேன். அந்த வீட்டில் ஒன்பது. யன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிய வெள்ளைத் தகடு. யன்னலடியில் ஏன் என்று கேட்டேன். குளிர்ந்த கண்ணாடியில் பட்டு இறங்குகிற காற்றை அங்கேயே மறித்துச் சூடாக்கி மேலே அனுப்பத்தான் என்றார் மருமகன். இரண்டு தகடுகளுக்கு நடுவில் மடிப்பு மடிப்பாக மெல்லிய தகரம் இருக்கிறது. கீழிருந்து வரும் காற்று அந்த மடிப்புகளுக்குள் சூடாகி மேலே எழும்புகிறது, அறையைச் சுற்றி ஆறி மறுபடி கீழே வருகிறது. வேலையில் பெரும் பங்கு இந்தக் காற்றோட்டத்துடையது. ஆகவே அதற்கு முன்னால் சோபாவை நெருக்கிப் போட்டால் சோபாவின் முதுகுதான் சூடாகும். மகள் வீட்டு ஹோலில் அப்படித்தான் கிடந்தது. ஒரு சாண் முன்னால் இழுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் நான் செய்த, யாரும் குறை சொல்லாத ஒரே வேலை அது.

ஒவ்வொரு ரேடியேட்டரின் பக்கத்திலும் இலக்கம் போட்ட ஒரு குமிழ். ஒன்றில் இருந்து ஐந்து வரை. அதை நான் அடுப்புத் திருகி மாதிரி நினைத்தேன், ஐந்து என்றால் பெரிய நெருப்பு. அப்படி இல்லை. அந்த மூடிக்குள் மெழுகோ ஏதோ திரவமோ இருக்கிறது. அறை சூடாகும்போது அது வீங்கி ஒரு ஊசியைத் தள்ளி, தண்ணீர் வரும் வழியை அடைக்கிறது. ஆறினால் சுருங்கித் திறக்கிறது. கரண்ட் வேண்டாம், பட்டரி வேண்டாம். மூன்றில் வைத்தால் அறை ஏறத்தாழ 20 பாகையில் நிற்கும். இவ்வளவு சின்னச் சாமான் ஒரு காவலாளியின் வேலையைச் செய்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுவிய சாரத்தை அதன் மேலேயே காயப்போட்டேன். சாரத்துக்குக் கீழே சூடு அடைபட, அறையே வெந்துபோய்விட்டது என்று மெழுகு நினைத்து வழியை மூடிவிட்டது. அறை குளிர, சாரமும் காயவில்லை. பேரன் வந்துதான் கண்டுபிடித்தான். "மூத்தப்பா, அதுக்கு மூச்சு முட்டுது" என்றான்.

தெர்மோஸ்டாட்டில் நடந்தது அதைவிட மோசம். ஹோலில் சுவரில் இருக்கும் அந்தக் கருவியில் மகள் 19 பாகை வைத்திருந்தாள். காரைதீவில் மார்கழி மழையில், விடியப்புறம் போர்வை தேடுகிற குளிரே ஏறத்தாழ 23 பாகைதான். 19இல் ஒரு மனுசன் எப்படி இருப்பது? ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து 30க்குத் திருப்பினேன். கெதியாகச் சூடாகட்டும், பிறகு குறைக்கலாம் என்ற மில் கணக்கு. அப்படியே நித்திரையாகிவிட்டேன். வேலையால் வந்த மகள் கதவைத் திறந்ததும் போட்ட சத்தத்தில்தான் எழும்பினேன்.

"அப்பா, முப்பதுக்கு வெச்சா கெதியாச் சூடாகாது. நிப்பாட்டுறது மட்டும்தான் பிந்தும்."

அவள் சொன்னது சரி. அந்தக் கருவி பொயிலரிடம் சொல்வது இரண்டே சொல்: எரி, நிற்பாட்டு. 20 என்றாலும் 30 என்றாலும் ரேடியேட்டருக்குள் ஓடுகிற தண்ணீரின் சூடு ஒன்றுதான். எவ்வளவு நேரம் ஓடும் என்பது மட்டும்தான் மாறும். புதிய சில கருவிகள் நெருப்பின் அளவையும் கட்டுப்படுத்துமாம். மகள் வீட்டில் இருந்தது அந்த வகை இல்லை. கடைசியில் 20க்கு ஒத்துக்கொண்டோம், ஒரு பாகை எனக்காக.

பிறகு ஒரு நாள் மேல்மாடி அறை ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே ஐஸ் மாதிரியும் இருந்தது. இது எனக்குத் தெரிந்த வருத்தம்: காற்று மாட்டியிருக்கிறது. மேல் மூலையில் ஒரு சின்னச் சதுர ஆணி, அதற்கென்று ஒரு பித்தளைச் சாவி. சூட்டை நிற்பாட்டி, ஆறவிட்டு, கீழே துணி பிடித்துக்கொண்டு கால் சுற்றுத் திருப்பினால் சீறிக்கொண்டு காற்று வரும். காற்று முடிந்து தண்ணீர் துளித்ததும் இறுக்க வேண்டும். வந்த தண்ணீர் கறுப்பு. இரும்புத் தகடு உள்ளே துருப்பிடித்த கறுப்பு அது. கூடினால் அடியில் சேறாகப் படிந்து, மேலே சூடு கீழே குளிர் என்று மறுபக்கமாகக் காட்டும். துருவைத் தடுக்க ஒரு மருந்து ஊற்றுகிறார்கள், சேற்றைப் பிடிக்கக் குழாயில் காந்தம் வைத்த வடி ஒன்றும் பூட்டுகிறார்கள்.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். கையில் சாவி இருக்கிறதே என்று ஒன்பதையும் திறந்து மூடினேன். இறங்கி வந்து பார்த்தால் பொயிலர் எரிய மாட்டேன் என்கிறது. அழுத்தக் கடிகாரத்தில் முள் பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. போன காற்றுக்கும் தண்ணீருக்கும் பதில் உள்ளே ஒன்றும் போகவில்லை அல்லவா. ஆறியிருக்கும்போது ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டும், பார் என்ற அழுத்த அலகில். பெட்டிக்குக் கீழே ஒரு பின்னல் குழாயும் இரண்டு சின்ன வால்வும் இருக்கின்றன. இரண்டையும் மெல்லத் திறந்தால் பைப் தண்ணீர் உள்ளே ஏறும், முள் எழும்பும், மூடிவிட வேண்டும். ஒன்றரை பார் என்றால் எங்கள் கணக்கில் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல். மில்லில் நூறு இறாத்தலில் வேலை செய்தவனுக்கு அது ஒரு அழுத்தமா? ஒரு பலத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டரை வரை ஏற்றினேன்.

தண்ணீர் சூடானால் வீங்கும். குளிர்ந்த தண்ணீரை 70 பாகைக்குக் கொண்டுபோனால் நூறு லீற்றருக்கு இரண்டு லீற்றர் கூடும். அந்த இரண்டு லீற்றருக்கு இடம் கொடுக்கத்தான் பெட்டிக்குள் ஒரு தகர உருளையும், அதன் நடுவில் ரப்பர் தோலும், தோலுக்கு அந்தப் பக்கம் காற்றும் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை நான் முன்கூட்டியே நிரப்பிவிட்டேன். அரை மணித்தியாலத்தில் முள் மூன்றைத் தொட்டது, பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் செப்புக் குழாயால் தண்ணீர் கொட்டியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னலால் எட்டிப் பார்த்தார். வால்வு தன் வேலையைச் செய்தது என்பதில் எனக்குச் சந்தோஷம். மகளுக்கு இல்லை.

இவ்வளவும் சின்ன விஷயம். இந்த இயந்திரத்தில் நான் உண்மையாகவே வியந்தது புகையைத்தான்.

மில்லில் புகைபோக்கி வழியாக எவ்வளவு சூடு வீணாகப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பிடிக்க வழியில்லை, விட்டுவிடுவோம். இவர்கள் விடவில்லை. காஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு கிலோ காஸ் முழுதாக எரிந்தால் இரண்டேகால் கிலோ தண்ணீர், நீராவியாகப் புகையோடு கலந்து போகும். அந்த நீராவிக்குள் காஸின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு ஒளிந்திருக்கிறது. நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கினால் அந்தச் சூடு கைக்கு வரும். நெல் அவியும்போது நடப்பதும் இதுதானே: நீராவி நெல்லில் பட்டுத் தண்ணீராகும்போது விடுகிற சூட்டில்தான் நெல் வாய் பிளக்கிறது. அந்த வித்தையைப் புகைக்கே செய்து காட்டுகிறது இந்தப் பெட்டி. 2005இல் இருந்து இங்கிலாந்தில் புதிதாகப் பூட்டுகிற காஸ் பொயிலர் அநேகமாக எல்லாம் இந்த வகைதான், சட்டமே அப்படி. சுவருக்கு வெளியே வெள்ளையாக ஆவி போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புகை ஆறி வெளியே வருகிறது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வருகிற தண்ணீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள ஆவி, அது ஓடுகிற உலோகக் கூட்டில் பட்டுத் தண்ணீராகும். சூடாகவே திரும்பி வந்தால் ஆவி ஆவியாகவே வெளியே போய்விடும், பத்தில் ஒரு பங்கும் கூடவே போகும். மகள் வீட்டில் பொயிலரை விட்டுப் போகும் தண்ணீர் 80 பாகைக்கு வைத்திருந்தது. பூட்டியவர் வைத்துவிட்டுப் போனது, பிறகு ஒருவரும் தொடவில்லை. திரும்பி வரும்போது 60, 65. வாங்கிய காசுக்குப் பாதி வேலை.

பெட்டியின் முகத்திலேயே இரண்டு திருகிகள் இருக்கும். ஒன்றில் ரேடியேட்டர் படம், மற்றதில் பைப் படம். ரேடியேட்டர் படம் உள்ளதை 60க்குக் குறைத்தேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான். ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடவில்லை என்று மகளுக்குச் சந்தேகம். வீடு சூடாக முன்பைவிட அரை மணித்தியாலம் பிந்தியது. விடியப்புறம் ஆறுக்குத் தொடங்கியதை ஐந்தரைக்கு மாற்றினோம். முன்பு எரி, நில், எரி, நில் என்று அடித்துக்கொண்டிருந்த பொயிலர் இப்போது மெல்லிய நெருப்பில் தொடர்ந்து எரிந்தது, புழுங்கல் சோறு வேகிற மாதிரி. புகையில் இருந்து பிடித்த தண்ணீரை வெளியே விடுகிற குழாயில் சொட்டுவது கூடியது. காஸ் குறைந்தது என்கிறார் மீற்றரைப் படம் எடுத்து வைக்கும் மருமகன். மகள் இன்னும் நம்பவில்லை. 26 வருஷம் நெருப்பைக் கூட்டியவன் குறைத்து வேலை வாங்கியது அன்றைக்குத்தான்.

அந்தச் சொட்டுத் தண்ணீரில்தான் மாட்டிக்கொண்டோம். அது கொஞ்சம் அமிலம், அதனால் செப்பில் விடாமல் பிளாஸ்டிக் குழாயில் விடுகிறார்கள். தை மாதம் ஒரு நாள் விடிய வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஐந்து. பொயிலருக்குள் களக் களக் என்று ஒரு சத்தம், பிறகு நின்றுவிட்டது. வெளிச்சுவரில் போகும் குழாய்க்குள் சொட்டுத் தண்ணீர் உறைந்து அடைத்துவிட்டது. வெளியே போகும் துண்டு 32 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும், மேலே கவசம் சுற்ற வேண்டும். பூட்டியவர் வீட்டுக்குள் போடுகிற 21.5 மில்லிமீற்றர் குழாயையே வெளியேயும் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார், வெறும் குழாயாக. நம் ஊரில் மட்டும்தான் இப்படிப்பட்ட பாஸ்மார் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

கேத்தலைக் கொதிக்க வைத்துக்கொண்டு ஓடினேன். மருமகன் மறித்தார். கொதி தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வெடிக்கும், கீழே வழிந்தது உறைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும் மாமா என்றார். மூன்று கேத்தல் பிடித்தது. பிறகு பெட்டியில் உள்ள மறுதொடக்கப் பொத்தானை அமர்த்தினால் எரிகிறது.

குளிக்கும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மதிப்பெண் குறைக்கிறேன். இந்த வகைக்குச் சுடுதண்ணித் தாங்கி கிடையாது. பைப்பைத் திறந்ததும் உள்ளே ஒரு வால்வு டக்கென்று திரும்பி, ரேடியேட்டருக்குப் போன சூடு முழுவதையும் பைப்புக்குத் திருப்பும். குளித்து முடியும் வரை ரேடியேட்டருக்கு ஒன்றும் இல்லை. நிமிடத்துக்கு 10 லீற்றர் தண்ணீரை 7 பாகையில் இருந்து 42க்கு ஏற்ற ஏறத்தாழ 24 கிலோவாற் வேண்டும்; அங்கத்தைய கேத்தல் எட்டை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. வீட்டைச் சூடாக்க அதில் பாதிகூடத் தேவைப்படாது. பெட்டியின் பருமனைத் தீர்மானிப்பது குளிப்புத்தான். அப்படியிருந்தும் நான் மேலே குளிக்கும்போது கீழே மகள் கோப்பை கழுவினால் எனக்குக் குளிர் தண்ணீர். நம் மாவட்டத்தில் மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, எத்தனை பேர் வாளியோடு நின்றாலும் சூடு குறையாது. அதை நினைத்துக்கொண்டே நடுங்கினேன். இரண்டு குளியலறை உள்ள வீடென்றால் தாங்கி வைத்த பழைய முறைதான் நல்லது.

சேர்விஸ் வருஷத்துக்கு ஒரு தடவை. காஸ் சேஃப் என்ற, காஸ் திருத்துநர்களின் பதிவில் உள்ள அட்டைக்காரர் மட்டும்தான் காஸ் பக்கத்தைத் தொடலாம். அட்டையைக் கேட்டுப் பாருங்கள், கோபிக்க மாட்டார்கள். வந்தவர் கவசத்தைக் கழற்றியதும் நானும் தலையை விட்டேன். நெருப்பு அறை என் இரண்டு கைக்குள் அடங்கும். மில்லில் வேலை செய்தவன் என்று மகள் சொன்னதும் மனுசன் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் விளங்கும், கைப்பாஷை முழுதாக விளங்கியது. வெளிக்குழாயையும் அவரே 32க்கு மாற்றிக் கவசம் சுற்றிவிட்டுப் போனார்.

பொயிலருக்கு ஐந்துக்கு நாலு. ரேடியேட்டருக்கும் அந்தக் குமிழுக்கும் ஐந்துக்கு ஐந்து. முதலில் பூட்டிவிட்டுப் போனவருக்கு ஒன்று, அதுவும் பெட்டியைச் சுவரில் நேராக மாட்டியதற்கு.

போன கிழமை மகள் வட்ஸ்அப்பில் கேட்டாள், மேல்மாடி ரேடியேட்டர் திரும்பவும் மேலே குளிருதாம், சாவியை எங்கே வைத்தீர்கள் என்று. தேடிப் பார்த்தேன். காரைதீவில், என் சைக்கிள் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது.